பாடியோர் பெயரும் பாட்டின் குரலும்



செம்புலப்பெயனீரார் என்பது பெற்றோர் இட்ட பெயர் அன்று. குறுந்தொகை 40ஆம் பாடலில் அப்புலவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராயிற்று. அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார் ஆகியோர் பெயர் பெற்றதும் இவ்வாறே. அந்நூலைப் பாடியோர் 205 பேர் என்பது மரபான கணக்கு. 10 பாடல்களுக்கு இத்தகைய பெயர்கூட இல்லை. பெயர் அறியாத பாட்டின்மேல் கபிலர் பெயரையோ பரணர் பெயரையோ ஏற்றிவிடுவது எளிது. அவ்வாறு செய்யாமல் பாட்டின் சொல்லையே பெயராக்கி வைத்த நேர்மை பாராட்டத்தக்கது.

அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய நெறி. உள்ளே பெயர் இல்லை. பாடியவர் பெயரோ பாட்டுக்கு வெளியே நிற்கிறது. படிப்போர் அதனை உள்ளே கொண்டுபோய் வைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

வெள்ளிவீதியாரை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையில் அவர் பெயரில் 8 பாடல்கள் உள்ளன. அகநானூறு 147இல் ஔவையார், பிரிந்தவனைத் தேடிச் செல்லத் துணியும் தலைவிக்கு வெள்ளிவீதியை உவமையாக்குகிறார். இந்த ஒரு குறிப்பின் வலிமையால் வெள்ளிவீதியார் பாடல்கள் பலவும் அவர்தம் வாழ்க்கை வரலாறாகவே படிக்கப்பட்டுவிட்டன. அவரோ அகநானூறு 45இல், கணவன் ஆட்டனத்தியை இழந்து அலைந்த ஆதிமந்தியை உவமை கூறியவர். ஆதிமந்தியார் பெயரில் குறுந்தொகை 31 உள்ளது. அதுவும் அக்கதையோடு சேர்த்தே படிக்கப்படுகிறது. ஔவையாரின் சான்றைப் புறந்தள்ள இயலாதுதான். ஆயினும் கபிலர் தலைவி கூற்றாகப் பாடினால் அதனைப் புலமை என்கிறோம்; பெண் ஒருத்தி பாடினால் மட்டும் அவள் பட்ட துன்பம் என்கிறோம். இது நடுநிலை ஆகாது.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் பழைய காதற் பாட்டுகளுள் 'கிங்கிஸ் குவேர்' புகழ்பெற்றது. சிறைப்பட்ட ஒருவன் தோட்டத்தில் கண்ட பெண்ணைக் காதலிப்பது அதன் பொருள். 1406 முதல் 1424 வரை இங்கிலாந்தில் சிறையிருந்த மன்னன் முதலாம் ஜேம்ஸ் பாடியது என்பர். அவன் இறந்தது 1437இல். கிடைத்துள்ள ஒரே கையெழுத்துப்படி அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியது. ஐயுற்றோரும் உளர். மன்னன் வாழ்க்கையோடு பாட்டு பொருந்துவதே ஒரு சான்றாகக் கொள்ளப்பட்டது. 1586ஆம் ஆண்டினதான மெயிட்லண்ட் ஏட்டிலோ, ஒரு பெண் மற்றொரு பெண்ணிடம் கொண்ட காதலைப் பாடும் 49ஆம் பாட்டுக்குப் பாடியவர் பெயரே இல்லை. ஏட்டில் மேரி மெயிட்லண்ட் பெயர் காணப்படுவதால் அவரே பாடினார் என்று கருதுவோர் உண்டு. படியெடுத்தவராகவோ ஏட்டின் உரிமையாளராகவோ மட்டும் அவர் இருந்திருக்கவும் கூடும்.

கறம்பக்குடியை உள்ளடக்கிய இப்புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. ஒலியமங்கலமே பழைய ஒல்லையூர் என்பர். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் அகநானூறு 25ஐப் பாடியவன். அவன் மனைவிமேல் கொண்ட அன்புக்குப் புறநானூறு 71 சான்று. அவனை இழந்து தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டின் பாட்டு புறநானூறு 246. வெள்ளிவீதியாரைப் பற்றிக் கிடைப்பதினும் மிகுதியான வாழ்க்கைச் செய்தி இங்கே கிடைக்கிறது. எனினும் அகம் 25ஐ அவ்விருவரின் மணவாழ்க்கையாகப் படிக்கும் வழக்கம் இல்லை.