தொடை எலும்பும் ஒரு கிரேன்தான்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"இன்ஜினியருக்கும் இடுப்பெலும்புக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. 1866-ல் ஜூரிச் நகரில் கார்ல் குல்மன் என்ற பொறியியல் பேராசிரியர், நெடுக்காக அறுத்து வைத்திருந்த தொடை எலும்பு ஒன்றைப் பார்த்தார். உள்ளே இருந்த எலும்பு இழைகள், கிரேனில் ஓடும் ஸ்ட்ரெஸ் கோடுகளைப் போலவே இருந்தன! சுமை விழுந்தால் எலும்பு பலப்படும், சுமையே இல்லையென்றால் இளைக்கும் என்பது பிறகு தெளிவானது.

ஆனால் வீட்டில் பெரியவர்கள் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதும், பாசத்தில் நாம் சொல்வது என்ன? "அசையாம படுங்க!" எங்கள் பெரியம்மாவை ஆபரேஷனுக்கு மறுநாளே பிசியோதெரபிஸ்ட் எழுப்பி நிறுத்தியபோது சொந்தக்காரர்கள் எல்லாம் பதறிவிட்டார்கள். அவர் செய்ததுதான் சரி. படுத்தே கிடந்தால் தசை கரையும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும். எலும்பு கூடினாலும் ஆள் எழுந்திருக்காமல் போவது இதனால்தான். வேறு தடை இல்லையென்றால் மறுநாளே நடக்கப் பழக்க வேண்டும் என்றுதான் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் 2011-ல் வழிகாட்டியது.

முதலில் கட்டிலிலேயே கணுக்காலை ஆட்டுவது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, மூச்சுப் பயிற்சி. அப்புறம் வாக்கர், அதற்கப்புறம் கைத்தடி. காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தடியை எந்தக் கையில் பிடிப்பது? அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில்! நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு விசை விழுகிறது. தடி எதிர்ப்பக்கம் இருந்தால் நெம்புகோலின் கை நீளம். லேசாக ஊன்றினாலே மூட்டின் பாரம் நன்றாகக் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

நண்பர்களே, நம்மில் பலர் எங்கெங்கோ இருக்கிறோம். அப்பா அம்மா ஊரில் இருக்கிறார்கள். பிசியோதெரபியைப் பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். பழையபடி நடக்க மாதக்கணக்கில் ஆகும். விழாமல் காப்பது அதைவிட மேல். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பாத்ரூம் சுவரில் கெட்டியாக ஒரு கைப்பிடி பொருத்துங்கள். போகிற வழியில் ஒரு இரவு விளக்கும் போடுங்கள். நமக்குத் தெரிந்த வேலைதானே!