தொய்வும் குருதியின் சாட்சியும்

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். எழுவான்கரையில் வலையும் தோணியும் பிழைப்பைத் தருவன. படுவான்கரையில் வயலும் களமும் சோறு தருவன. ஆனால் தொய்வு என்று ஊரார் கூறும் ஆஸ்துமா இரு கரைக்கும் பொது. பின்னிரவில் பாயை விட்டெழுந்து, முழங்காலிற் கையூன்றி மூச்சுக்குப் போராடுவோர் இங்கும் உளர், அங்கும் உளர்.

இந்நோயின் புதிரை அவிழ்க்க உதவியது ஒரு மீன் என்றால், மீன்பாடும் தேனாட்டார் வியப்பர். பிரவுஸ்னிற்ஸ், கூஸ்ட்னர் என்னும் மருத்துவர் இருவர் 1921ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவரது குருதித் தெளிவைச் சிறிதளவு பிரவுஸ்னிற்ஸ் தம் தோலுள் ஏற்றினார். மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றை ஏற்றியதும் தோல் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமையைக் கடத்தும் பொருள் குருதியில் உண்டென்பது தெளிவாயிற்று.

அப்பொருள் யாதென அறிய 45 ஆண்டுகள் சென்றன. 1966இல் அமெரிக்காவிற் பணியாற்றிய இஷிசாகா தம்பதியரும், 1967இல் சுவீடனில் ஜொஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்ட அந்தப் பிறபொருளெதிரி, 1968இல் இமியூனோகுளோபுலின் ஈ எனப் பெயர் பெற்றது.

அதனை ஆக்குவோர் யார்? வெண்குருதிக் கலங்கள் தம் மேற்பரப்பில் அடையாளங்களைத் தாங்குகின்றன. 1982 முதல் அவற்றுக்கு சீடி என்னும் எழுத்துகளோடு எண்கள் வழங்கப்படுகின்றன. சீடி 4 அடையாளமுள்ள உதவிக் கலங்களுள் ஒரு பிரிவு, தீங்கற்ற தூசியையும் பகையென மயங்கிச் செய்தி விடுக்கிறது. சீடி 19 அடையாளமுள்ள பீ கலங்களின் வழிவந்தவை இமியூனோகுளோபுலின் ஈயைச் சுரக்கின்றன. அது மாஸ்ட் கலங்களிற் பற்றிக் காத்திருக்கிறது. ஈரக் காற்றில் தலையணையுள் பெருகும் தூசிச் சிற்றுண்ணியின் துகள் மீண்டும் வந்ததும், ஹிஸ்டமின் முதலியன வெளிப்பட்டு மூச்சுக்குழல் சுருங்குகிறது.

எனினும் குருதிப் பரிசோதனையின் எண் ஒன்றே தீர்ப்பாகாது. குடற்புழுக்களும் இவ்வெண்ணை உயர்த்தும். முதிர்ந்த வயதில் தொடங்கும் ஆஸ்துமாவிலோ, அது உயராமலே இருத்தலும் உண்டு. அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவர் பரிசோதனைத் தாளில் எண் குறைவெனக் கண்டு, நோயில்லை என்று மருந்தை நிறுத்துவாராயின், அடுத்த இரவு அவர் உயிருக்கே உலை வைக்கலாம். ஓய்வு நாளில் மூச்சு இலகுவாகி, ஆலைக்குத் திரும்பியதும் முட்டுகிறதா என்பதை மருத்துவரிடம் அவர் கூறுவது, அவ்வெண்ணைப் போலவே பெறுமதியுடையது.

இன்னொன்று: உடனே மூச்சைத் திறக்கும் மருந்து வேறு, உள்வீக்கத்தைத் தணிக்க நாள்தோறும் உள்ளிழுக்கும் மருந்து வேறு. இழுப்பு நின்றதும் பின்னதைத் தாமாகக் கைவிடுவது, மழை ஓய்ந்த நாளிற் கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். வாவிக்கரையில் மாரி மீண்டும் வரும். கூரை இருத்தல் வேண்டும்.