தேர் நிலைக்கு வந்த பிறகு

பங்குனி உத்திரத்தன்று செட்டிகுளத்தைப் பார்க்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் வெங்காய வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் அது. குன்றின்மேல் கையில் கரும்பேந்தி நிற்கிறார் தண்டாயுதபாணி. கீழே ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். சுற்று வட்டாரம் முழுவதும் அன்று அங்கே திரண்டுவிடும். தேர் அசையும்போது ஆயிரம் கண்கள் அதன் அழகைப் பருகும்.

அந்த அழகிலே துணிக்கு உள்ள பங்கை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. மரத்தேர் தனியே நிற்கும்போது அதன் மேற்பகுதி வெறும் சட்டமாகத்தான் காட்சி தரும். அதன்மேல் சீலைகளைப் போர்த்தி, சுற்றிலும் தோரணம் கட்டி, மூலைகளில் உருளை வடிவான தொம்பைகளைத் தொங்கவிட்ட பின்னரே அது நாம் அறிந்த தேராகிறது. முன்னே செல்லும் கொடியும் குடையும் துணியால் ஆனவையே. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து, யாளியும் மயிலும் தாமரையுமாக உருவாக்கும் வேலைக்குத் தஞ்சை வட்டாரம் பெயர் பெற்றது.

திருவிழாவன்று இத்துணிகளைக் காப்பதற்கு நூறு பேர் இருக்கிறார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு இவற்றைக் காப்பவர் யார்? இந்தக் கேள்வியை நான் என் சொந்தப் பிழையிலிருந்து கற்றுக்கொண்டேன். அதை இன்று நேயர்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். செட்டிகுளத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஓர் அம்மன் கோயில் திருவிழாவில் இளைஞர்கள் நாங்கள் சிலர் தொண்டு செய்தோம். தேர் நிலை சேரும் நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம்தான் பெய்தது. ஆனால் தொம்பைகள் நான்கும் நனைந்துவிட்டன. களைத்திருந்த நாங்கள் அவற்றை இறக்கி, ஈரத்தோடு மடித்து, இரும்புப் பெட்டியில் அழுத்தி வைத்தோம். பூட்டிச் சாவியைக் கோயிலில் ஒப்படைத்தேன். கடமை முடிந்தது என்ற நிறைவோடு வீட்டிற்குச் சென்றேன்.

மறு ஆண்டு நானே பெட்டியைத் திறந்தேன். முதலில் வந்தது நாற்றம். பிறகு கண்டவை, வெள்ளைத் துணியெங்கும் பரவியிருந்த கரும்புள்ளிகள். சிவப்புச் சாயம் கசிந்து மஞ்சளிலும் வெள்ளையிலும் ஏறியிருந்தது. ஒன்றைத் தூக்கிப் பிரித்தேன். மடிப்பு இருந்த இடத்தில் அது என் கையிலேயே கிழிந்தது. மூன்று தலைமுறை கண்ட தொம்பைகள் அவை. அரை மணி நேர மழையைத் தாங்கிய துணி, ஓராண்டுக் காலப் புழுக்கத்தைத் தாங்கவில்லை.

அருகே இருந்த முதிய உழவர் ஒருவர் என்னைக் கடிந்து பேசவில்லை. "தம்பி, உங்கள் வீட்டு வெங்காயத்தை இப்படி வைப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலை கவிழ்ந்தேன்.

அந்தக் கேள்வியின் பொருளை எங்கள் பக்கத்தார் நன்கு அறிவர். சின்ன வெங்காயத்தைப் பறித்தவுடன் எவரும் மூட்டை கட்டிப் பூட்டி வைப்பதில்லை. முதலில் உலர்த்துவர். தாளை நீக்கி, அழுகலைப் பொறுக்கி எறிவர். பிறகு பட்டறை போடுவர். பட்டறையின் தளம் தரையைத் தொடாது. கல்லின் மீதோ கழியின் மீதோ உயர்ந்து நிற்கும். பக்கங்களில் காற்றுப் புகும். மேலே கூரை வேய்ந்திருக்கும். அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுவார்கள், நடுவில் உள்ள காய்க்கும் காற்று எட்ட வேண்டும் என்பதற்காக. வைத்துவிட்டு மறந்துவிடவும் மாட்டார்கள், அவ்வப்போது பார்ப்பார்கள். உலர்த்து, உயர்த்து, காற்று விடு, திரும்பிப் பார் என்ற நான்கும் வெங்காயத்திற்கு உரியவை. துணிக்கும் அவையே உரியவை.

முதலாவது, உலர்த்துதல். விழா முடிந்த துணி மழையில் நனையாவிட்டாலும் பனியையும் வியர்வையையும் வாங்கியிருக்கும். அதை நிழலில், காற்றோட்டத்தில், குறைந்தது ஒரு நாளாவது விரித்துப் போட வேண்டும். வெயிலில் போட்டால் விரைவில் உலரும் என்பது உண்மையே. ஆனால் வெயில் நிறத்தைத் தின்றுவிடும். விளக்குப் புகையும் தூசியும் படிந்திருந்தால் மென்மையான தூரிகையால் மெல்லத் தட்டி எடுக்கலாம். பழைய துணியைத் தண்ணீரில் முக்குவது ஆபத்து. எந்தச் சாயம் நிற்கும், எது கசியும் என்று முன்கூட்டி அறிய முடியாது.

இரண்டாவது, உயர்த்துதல். பெட்டியோ அலமாரியோ தரையிலும் வெளிச்சுவரிலும் ஒட்டி இருக்கலாகாது. மடைப்பள்ளிக்கு அருகிலும் வேண்டாம். நெய் மணத்திற்கு எலி வரும். எலிக்குப் பிறகு பூச்சி. துணியில் உள்ள கஞ்சிப்பசையை இராமபாணப் பூச்சி விரும்பி அரிக்கும். ஆகவே உள்ளே விரிக்கும் வெள்ளைத் துணியையும் கஞ்சி போகத் துவைத்த பின்பே பயன்படுத்த வேண்டும். வசம்பையும் உலர்ந்த வேப்பிலையையும் சிறு முடிச்சாகக் கட்டி ஓரத்தில் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். எதை வைத்தாலும் அது துணியின்மேல் நேரே படக்கூடாது.

மூன்றாவது, காற்று. நெகிழிப் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே சிறிது ஈரம் இருந்தாலும் அது வெளியேற வழியில்லாமல் போகும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65-க்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர்களில் அதற்குக் குறைவாக இருக்கும் நாட்கள் சிலவே. துணி மூச்சுவிட வேண்டும்; பருத்தி உறையே அதற்கு ஏற்றது.

மடிப்பைப் பற்றியும் ஒரு சொல். துணி சாவது பெரும்பாலும் மடிப்பில்தான். தட்டையான சீலைகளை நான்கைந்து அங்குல விட்டமுள்ள குழாயில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அதன்மேல் சித்திரம் வெளிப்புறம் தெரியுமாறு தளர்வாகச் சுருட்டுவது நல்லது. தொம்பையைச் சுருட்ட முடியாது. அதன் மடிப்புக்குள் துணித் திரியை வைத்து, கூர்மையான கோடு விழாமல் செய்யலாம். அடுத்த முறை வேறிடத்தில் மடிக்கலாம்.

நான்காவது, திரும்பிப் பார்த்தல். ஆண்டிற்கு மூன்று முறை போதும்: அடைமழைக்கு முன்பு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறை, விழாவிற்கு ஒரு மாதம் முன்பு ஒரு முறை. விழாவிற்கு முந்தின நாள் திறந்து பார்ப்பவனுக்கு வருந்தத்தான் நேரம் இருக்கும், செப்பனிட நேரம் இராது.

இவ்வளவு கவலை வேண்டுமா என்று கேட்கலாம். நம் அண்டை மாவட்டமான அரியலூரில் கருப்பூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே கோயில்களுக்கு விதானமும் தொம்பையும் குடைச்சீலையும் கலம்காரியாக எழுதிவந்தார்கள். கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தத் துணிக்குக் கடுக்காயின் துவர்ப்பை ஏற்றுவார்கள். கருநிறத்திற்கு இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்துச் சாயம் எடுப்பார்கள். சித்திரத்திற்கு உயிர் தருவது அந்தக் கருங்கோடே. ஆயினும் அதே இரும்பு நாளடைவில் தன் அடியிலுள்ள நூலை மெல்ல அரிக்கிறது. ஈரம் கூடினால் அரிப்பும் விரைகிறது. ஆகவே அத்தகைய துணியை ஈரத்தில் விடுவது, எழுதியவர் கையை நாமே அழிப்பதாகும். அழிந்தால் மீண்டும் எழுதுவிக்கலாம் என்றால், எழுதத் தெரிந்த கைகள் இன்று குறைந்து வருகின்றன.

இது நமக்கு மட்டும் உரிய கவலையன்று. இங்கிலாந்தில் டர்ஹம் நகரில் சுரங்கத் தொழிலாளரின் பெருவிழா 1871-இல் தொடங்கியது. ஊர் ஊராகத் தங்கள் பதாகையைத் தூக்கிக்கொண்டு வாத்தியத்தோடு வருவார்கள். பட்டில் வண்ணம் தீட்டிய பெரிய பதாகைகள் அவை. காற்றும் மழையும் மடிப்பும் அவற்றையும் கிழித்தன. மான்செஸ்டர் நகரில் மக்கள் வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய தொழிற்சங்கப் பதாகைகளைச் செப்பனிடுவதற்கென்றே அங்கே தனிக்கூடம் அமைத்திருக்கிறார்கள். தூக்கிச் செல்லும் துணி, தூக்கியவரின் நினைவையும் சுமக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இன்று விழாவென்றால் ஃப்ளெக்ஸ் பதாகை எழுகிறது. விழா முடிந்தால் அது மாட்டுத் தொழுவத்திற்குக் கூரையாகிறது. வைத்துக் காக்க வேண்டும் என்று எவரும் அதை எண்ணுவதில்லை. அந்தப் பழக்கம் நம் கையில் ஏறிவிட்டால் தொம்பையையும் அப்படியே நடத்திவிடுவோம் என்பதே என் அச்சம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஊரிலும் கோயில் துணிகளுக்கென்று ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். எத்தனை துணி, எந்த நிலையில் இருக்கிறது, என்று பிரித்துப் பார்த்தோம் என்பதை அதில் எழுதுங்கள். பொறுப்பை இருவரிடம் கொடுங்கள்: ஒருவர் முதியவர், ஒருவர் இளைஞர். அறிவு ஒருவரோடு போய்விடாது.

கிழிந்த தொம்பைகள் நான்கில் ஒன்றின் துண்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பாதி மயில் அதில் தெரிகிறது. ஆண்டிற்கு மூன்று முறை அதை எடுத்துக் காற்றாட விரிக்கிறேன். அன்று இரவு, இன்னும் ஒரு மணி நேரம் விழித்திருந்து ஒரு கயிற்றைக் கட்டி அந்தத் துணிகளை விரித்திருந்தால், அந்த மயில் முழுதாக இருந்திருக்கும்.