அருகில் நிற்பவர் யார்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இவ்வூர் மருத்துவமனைகளில் நோயாளியுடன் துணைக்கு வருபவரைப் ‘பைஸ்டாண்டர்’ என்று அழைப்பதை நாம் அனைவரும் அறிவோம். அருகில் நிற்பவர் என்பது அச்சொல்லின் பொருள். கஞ்சி வாங்கி வருபவரும், மருந்துச் சீட்டோடு ஓடுபவரும், இரவெல்லாம் விழித்திருப்பவரும் அவரே. எனினும் அவரிடம் நோயைப் பற்றி விளக்கிச் சொல்வார் அரியர். இக்குறையைக் களைய முற்பட்ட செவிலியர் பெருமக்களைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன்.

மருத்துவம் வீட்டு வாசலைத் தாண்டாவிடில் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1890களில் ஓர் இரவு, திண்டிவனத்தில் மூன்று இல்லங்களில் பெண்கள் பேறுகால வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவரை அழைக்க அக்குடும்பங்கள் இசையவில்லை, மூவரும் மாண்டனர். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் பயின்று, 1900இல் திரும்பிவந்து வேலூரில் தொண்டு தொடங்கினார். 1909இல் அங்கே செவிலியர் பள்ளி எழுந்தது. 1946இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டப் படிப்பும், 1959இல் தில்லியில் முதுநிலைப் படிப்பும் தோன்றின. பணிவிடை செய்தவர் ஆராய்ச்சியும் செய்வதற்கு அவை வழி திறந்தன.

அதே வேலூரில் 1957இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு அவருடைய உறவினரும் உடன் தங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. மனநோயாளியை உறவினின்றும் பிரித்துப் பூட்டிவைக்கும் வழக்கம் மிகுந்திருந்த காலம் அது என்பதை எண்ணிப் பாருங்கள்.

குறைமாதக் குழந்தைகளின் கதையோ இன்னும் வியப்பானது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், மெலிந்த சிசுவைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வளர்க்கும் ‘கங்காரு’ முறை பிறந்தது. ஜீன் கிரான்ஸ்டன் ஆண்டர்சன் போன்ற அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர்கள் அதனை ஆராய்ந்து பரப்பினர். பின்னர் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த பேராய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட எடையுள்ள சிசுக்களைப் பிறந்தவுடனேயே தாயோடு சேர்த்தபோது, 28 நாட்களுக்குள் இறப்போர் நூற்றுக்கு 15.7 என்ற நிலையிலிருந்து 12 ஆகக் குறைந்தனர். வாசலில் காத்திருந்த தாயே மருந்தாக அமைந்தாள்!

கேரளத்திலோ, 1993இல் கோழிக்கோட்டில் முளைத்த வலிதணிப்புப் பணி ஊர் ஊராகப் பரவியது. 2008இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. இன்று அப்பணியைச் சேர்ந்த செவிலியர் நோயாளியின் வீடு தேடி வருகின்றார். புண்ணைக் கழுவுவதோடு, கழுவும் முறையை வீட்டாருக்கும் கற்பிக்கின்றார்.

இக்கல்வியின் அருமையை நான் துன்பத்தால் அறிந்தேன். என் தந்தையார் பக்கவாதத்தால் படுத்தபோது, ஒரு மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. முதுகில் புண் கண்ட பின்னரே அறிந்தோம். என் தாயார் தம் குற்றமென்றே இறுதிவரை வருந்தினார். அக்குற்றம் அவருடையதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குடும்பத்தை மையமாகக் கொள்வதென்றால், சுமையெல்லாம் ஒரு மருமகளின் தலையில் ஏற்றுவதன்று. பேணுவோரின் தளர்ச்சியையும் துயிலின்மையையும் அளந்தறிவது செவிலியர் ஆராய்ச்சியின் இன்றியமையாத பகுதியாகும். பேணுபவர் சாய்ந்தால் நோயாளியும் சாய்வார்.

சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள். மலையாளத்தில் மருத்துவர் கூறுவது விளங்காமல் திகைக்கும் நம் முதியோருக்கு உடன் சென்று மொழி உதவி செய்ய இளைஞர் முன்வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் செவிலியரை அழைத்து, படுத்த நோயாளியைப் பேணும் முறையை நம் குடும்பத்தாருக்குக் கற்பிக்கச் செய்ய வேண்டும். நெடுநாள் நோயுள்ள இல்லங்களுக்கு வாரத்தில் ஒரு பொழுது சென்று, பேணுவோர் சற்று உறங்க வழி செய்ய வேண்டும்.

உற்றார் தொலைவில் இருக்கப் பிழைக்க வந்த நமக்குச் சங்கமே சுற்றம். நோயுற்றவர் அருகில் நிற்பவர் தனியே நிற்க விடலாகாது. அவர் அருகில் நாம் நிற்போம்.