சிறு ஸ்பீக்கரும் பெரு அம்பிளிபயரும்

அரியாலையில் கோயில் திருவிழா நடைபெறும் நாள்களில், கம்பத்தின் உச்சியிற் கட்டிய ஒரு கூம்பு ஒலிபெருக்கி நாதஸ்வர இசையை ஊரெங்கும் கொண்டு சேர்க்கும். அதே அளவு மின்வலுவைப் பெறும் அழகிய சிறு ஸ்பீக்கர்ப் பெட்டிகள் இரண்டு, அவ்வூரில் ஒரு வீட்டின் கூடத்தை நிரப்பவும் மாட்டாமல் திணறுவதும் உண்டு. வலு ஒன்றாயிருக்க, ஒலி வேறுபடுவது ஏன்? இவ்வினாவுக்கு விடை அறியாமல் புதிய அம்பிளிபயர் வாங்கப் புறப்படுபவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை வீணாக்கிவிடக் கூடும்.

ஒரு ஸ்பீக்கருக்கு ஓர் உவாற்று வலுவைக் கொடுத்து, ஒரு மீற்றர் தூரத்தில் எழும் ஒலியின் மட்டத்தை அளந்தால் கிடைப்பதே அதன் உணர்திறன். அது டெசிபெல் என்னும் அலகிற் கூறப்படும். கூம்பு ஒலிபெருக்கிகளில் இது 100 டெசிபெலையும் தாண்டும். வீட்டு ஸ்பீக்கர்களில் 90 என்பது நல்ல உணர்திறன். 83, 84 என்பன குறைந்தவை. எண்ணளவில் வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் பயனளவில் அது பெரிது. ஒலிமட்டம் 3 டெசிபெல் உயர வேண்டுமானால் வலு இருமடங்காக வேண்டும்; 10 டெசிபெல் உயரப் பத்து மடங்கு வேண்டும். 92 டெசிபெல் உணர்திறன் உடைய ஸ்பீக்கர் தரும் ஒலியை 83 டெசிபெல் உடையது தருவதற்கு எட்டு மடங்கு வலு தேவை என்பது இதனாற் பெறப்படும்.

குறைந்த உணர்திறனைத் தரக்குறைவு என்று கருதுதல் தவறாகும். பெட்டி சிறிதாயிருக்க வேண்டும், தாழ்ந்த சுருதியும் நன்கு ஒலிக்க வேண்டும் என்று இரண்டையும் விரும்பினால், உணர்திறனை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இஃது இயற்கையின் கணக்கு. பி.பி.சி. நிறுவனத்தின் பொறியியலாளர் 1970களில் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்கென உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்னும் ஸ்பீக்கர் ஓரடி உயரமே உடையது. அதன் உணர்திறன் ஏறக்குறைய 83 டெசிபெல். எனினும், மனிதக் குரலை உள்ளவாறே தருவதில் அது பெற்ற புகழ் இன்றும் மங்கவில்லை.

சில உவாற்று வலுவில் ஒலி கேட்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1990களில் மின்சாரம் அற்றிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோர் பலர். செய்தி கேட்க அது போதுமானது. தவில் கேட்கப் போதுமா என்பதே கேள்வி. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைப் பதிவில் கேட்பவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவரிடம் 83 டெசிபெல் ஸ்பீக்கர் இரண்டு உள்ளன. அவர் அமர்வது மூன்று மீற்றர் தூரத்தில். தூரத்தால் ஒலி குறைவதையும், ஸ்பீக்கர்கள் இரண்டாயிருப்பதால் அது கூடுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஓர் உவாற்று கொடுக்கும்போது அவர் காதை எட்டுவது ஏறத்தாழ 80 டெசிபெல். சாதாரணமாக அவர் கேட்பது 77 ஆயின் அரை உவாற்றே போதும். ஆனால் தவிலின் ஓர் அடி, சராசரி மட்டத்திலிருந்து 20 டெசிபெல் வரை துள்ளி எழலாம். 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு. அந்தக் கணப்பொழுதுக்கு 50 உவாற்று வேண்டும்.

அவரிடம் இருப்பது 10 உவாற்று அம்பிளிபயர் என்றால், அந்த அடியின் முனை வெட்டுண்டு போகும். ஓசை கரகரக்கும். வெட்டுண்ட அலையில் மிகும் உயர்சுருதி ஆற்றல், அவ்வொலிகளுக்கென உள்ள சிறு ஸ்பீக்கரின் கம்பிச்சுருளைச் சுட்டுக் கெடுக்கவும் கூடும். அளவான ஒலியில், வலு மிக்க அம்பிளிபயரைவிட வலு குறைந்ததை மிஞ்சி முடுக்குவதே பல வேளைகளில் ஆபத்தாகும்.

ஆகவே வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உள. 50 உவாற்றை விட்டு 60 உவாற்றுக்கு மாறுவதால் கிடைப்பது ஒரு டெசிபெலுக்கும் குறைவு. காது அதை அரிதாகவே உணரும். மாறுவதானால் இருமடங்காகவேனும் மாற வேண்டும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் உள்ள உச்சவலு எண்ணை நம்பலாகாது. 8 ஓமில், இரு பக்கமும் ஒருங்கே இயங்கும்போது, தொடர்ந்து தரக்கூடிய வலு எவ்வளவு என்று கேட்க வேண்டும். 4 ஓமில் அந்த வலு ஏறத்தாழ இருமடங்காகுமாயின், உள்ளிருக்கும் மின்வழங்கி உறுதியானது எனக் கொள்ளலாம். ஸ்பீக்கரின் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. 2.83 உவோல்ற்று கொடுத்து அளந்த 4 ஓம் ஸ்பீக்கர் உண்மையில் இரண்டு உவாற்றை உண்கிறது. அதன் எண்ணிலிருந்து மூன்றைக் கழித்தே கணக்கிட வேண்டும். யாழ்ப்பாணத்து வெப்பத்தில் அம்பிளிபயரை அடைத்த அலுமாரியில் வைப்பதும் தகாது.

வலு மிகுந்த கருவி வந்துவிட்டதென்று திருகியை முற்றாகத் திருப்பிவிடவும் கூடாது. சிறு பெட்டிக்குத் தாங்கும் எல்லை உண்டு, செவிக்கும் உண்டு. வளர்ந்தோர் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கத் தக்கது 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 90 டெசிபெலில் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

கடைக்குப் போகுமுன் செய்து பார்க்கத்தக்க காரியம் ஒன்று உண்டு. நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக் கேட்பதே அது. தூரம் பாதியானால் வீட்டறையிற் சில டெசிபெல் செலவின்றிக் கிடைக்கும். அதன் பின்னரும் தவிலின் அடி மழுங்கியே ஒலிக்குமாயின், அப்போது பணத்தை எடுக்கலாம்.