மைதானத்தில் சுழன்ற சக்கரங்கள்
(யூபிலி விளையாட்டு விழாத் தொடக்கத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விழாவில் சைக்கிள் பந்தயம் வேண்டுமா, வேண்டாமா என்று விழாக் குழுவில் மூன்று மாலை வாதம் நடந்தது. வேண்டும் என்றவர்களுக்குள்ளும் இரண்டு கட்சி. பெரியவர்கள் மைதானத்தில் என்றார்கள். வாலிபர்கள் உளுந்தூர்ப்பேட்டை-சேலம் நெடுஞ்சாலையில் என்றார்கள். முடிவை நம் தலையில் கட்டிவிட்டார்கள். அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பழங்கதை பேச அனுமதி தாருங்கள்.

நாம் பிறந்த ஊர் இதுவன்று. ஆயினும் மைதானங்கள் எங்கும் ஒன்றுதான். 1980-ஐ ஒட்டிய அந்த நாட்களில் சொந்தச் சைக்கிள் உள்ள வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டி திண்ணையில் நின்றால் அது வசதியான வீடு. மற்றவர்களுக்கு வாடகைக் கடையே கதி. கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் குறித்துக்கொண்டு வண்டியை விடுவார். சீட்டில் ஏறக் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நாங்கள் எல்லோரும் கற்றோம். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அக்கால மைதானத்தில் இருவகை சைக்கிள் வித்தை உண்டு. ஒன்று, ஒருவர் இரவு பகலாகக் கீழே இறங்காமல் நாட்கணக்கில் சுற்றி வருவது. சாப்பாடு, குளியல் எல்லாம் சைக்கிளின் மேலேயே. மாலையானால் ஒலிபெருக்கியில் பாட்டு, ஆட்டம், ஊரே கூடிவிடும். மற்றொன்று மெதுவாக ஓட்டும் போட்டி. கால் தரையில் படாமல் கடைசியாக வருகிறவனுக்குப் பரிசு! வேகப் பந்தயத்தைவிட இதுவே கடினம் என்பது நம் தாழ்மையான கருத்து.

வேகப் பந்தயமோ சுண்ணாம்புக் கோட்டுக்குள் நடக்கும். மண் தரையில் வளைவுதான் எமன். இடப்பக்கம் திரும்பும்போது இடது பெடல் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் தரையில் தட்டி ஆளைத் தூக்கி எறியும். பந்தயத்துக்கென்றே கட்டப்படும் வெலோட்ரோமில் வளைவை உட்புறம் சாய்த்தே கட்டுகிறார்கள். அங்கே ஓடும் வண்டிகளுக்கு பிரேக்கே கிடையாது. 1982 ஆசிய விளையாட்டுக்காக டில்லியில் அப்படி ஒன்றைக் கட்டினார்கள். நமக்குக் கிடைத்தது நெருஞ்சி முள்ளும் மணலும்தான்.

இனி, நம் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளி இறுதி விடுமுறையில் ஊர்த் திருவிழாப் பந்தயத்துக்குப் பெயர் எழுதும் வேலை நமக்கு வந்தது. "சொந்தச் சைக்கிள் உள்ளவர்களுக்கு மட்டும்" என்று விதி. வாடகை வண்டி உடைந்தால் யார் பணம் கட்டுவது என்ற அச்சம். அதில் நியாயமும் இருந்தது. ஒரு சித்தாளின் மகன் வாடகை வண்டியோடு வந்தான். மட்கார்டில் கடையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. நாம் தலையை நிமிர்த்தாமலே "முடியாது" என்றோம். பந்தயம் தொடங்கியதும் அவன் கயிற்றுக்கு வெளியே, இன்னும் பெரிய வட்டத்தில், எல்லோரோடும் ஓட்டினான். மூன்று சுற்று அவர்களுக்குச் சமமாக வந்தான். நான்காம் சுற்றில் ஆளைக் காணோம். வாடகை நேரம் முடிந்துவிட்டது போலும். பிறகு அவனைப் பார்த்துப் பேச நமக்குத் துணிவு வரவில்லை.

நிற்க. இத்தாலியில் ஜீனோ பார்த்தாலி என்றொரு வீரர் இருந்தார். 1938-லும், பத்தாண்டு கழித்து 1948-லும் பிரான்சைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் வென்றவர். இடைப்பட்ட போர்க்காலத்தில் பயிற்சிக்குப் போவதுபோல் புறப்பட்டு, யூதர்களின் உயிர்காக்கும் பொய் அடையாளத் தாள்களைச் சைக்கிள் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுபோனார். இதை அவர் வெளியே பேசிக்கொண்டதில்லை. 2000-இல் இறந்தார்; இஸ்ரயேலின் யாத் வாஷெம் 2013-இல் அவரைக் கௌரவித்தது.

நம் நாட்டில் இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம் பின்னர் மாணவர்களுக்கும் விரிந்தது. அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டியில் பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கியர் வண்டிக்கு அங்கே இடமில்லை, சாதாரண இந்திய வண்டிதான். 2018-இல் அந்தமான் இளைஞர் ஈசோ ஆல்பன் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அப்படியிருக்க நம் பிள்ளைகள் மட்டும் என்ன குறைந்தவர்கள்?

ஆகவே முடிவு இதுதான். நெடுஞ்சாலை வேண்டாம். பேருந்தும் லாரியும் கரும்பு டிராக்டரும் போகிற வழியில் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு நாம் இங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. வாலிபர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பந்தயம் இந்த மைதானத்தில்தான். வளைவுகளில் நேற்றே மணலை வாரித் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். அரசு கொடுத்த வண்டியும் வரலாம், அண்ணன் வண்டியும் வரலாம், அடுத்த வீட்டு வண்டியும் வரலாம். கியர் வண்டி மட்டும் வேண்டாம். வண்டி உடைந்தால் செலவு விழாக் குழுவுடையது; பொருளாளர் முகம் சுளிக்க வேண்டாம்.

பெயர் கொடுக்கும் மேசை அதோ வேப்பமரத்தடியில் இருக்கிறது. பெயரும் வயதும் சொன்னால் போதும். சைக்கிள் யாருடையது என்ற கட்டத்தை அந்தத் தாளில் நாம் போடவில்லை.