மின்காப்புப் பூச்சு: எதை, எங்கே, எப்படி?

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



நம் தொழிலில் அடிக்கடி வரும் ஒரு சின்ன விஷயத்தைப் பேசலாம்னு வந்திருக்கிறேன். ஓர் உலோகப் பாகத்தின் மேல் மின்சாரம் தாண்டாதபடி மெல்லிய பூச்சு வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது? டிராயிங்கில் ‘அனோடைஸ் செய்க’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதுமா? போதாது.

அனோடைசிங் என்பது அலுமினியத்தின் மேலேயே வளர்க்கப்படும் ஆக்சைடு. செம்புக்கும் எஃகுக்கும் இது உதவாது. கெட்டியானது, பிளாஸ்டிக் பூச்சைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும். அதனால் ஹீட் சிங்குக்கு ஏற்றது. ஆனால் கூர்மையான விளிம்பில் விரிசல் விடும். 50 மைக்ரான் ஹார்டு அனோடைசிங் வேண்டுமென்றால், விளிம்புக்குச் சுமார் 1.6 மி.மீ. ஆரம் கொடுங்கள். அந்தப் பூச்சில் ஏறக்குறைய பாதி வெளிப்பக்கம் வளரும். தண்டின் விட்டம் 50 மைக்ரான் கூடிவிடும். அளவில் முன்கூட்டியே கழிக்காவிட்டால் பேரிங் ஏறாது!

செம்புப் பஸ்பாருக்கும் சிறிய மோட்டார் ஸ்டேட்டருக்கும் எபாக்சி பவுடர் நல்லது. ஆனால் அடுப்பில் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். காரீயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடும். சால்டர் வைத்த பாகத்தை அந்த அடுப்புக்குள் அனுப்பலாமா? நீங்களே சொல்லுங்கள்.

நுணுக்கமான பாகங்களுக்குப் பாரிலின் உண்டு. வெற்றிட அறையில் ஆவியாக வந்து, சாதாரண வெப்பநிலையிலேயே இண்டு இடுக்கெல்லாம் ஒரே சீராகப் படியும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

தம்பிகளே, கேட்டலாகில் ‘இத்தனை வோல்ட் தாங்கும்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் தட்டையான சோதனைத் தகட்டுக்கு. நம்ம பாகத்தில் துளை இருக்கும், பிசிறு இருக்கும், மூலை இருக்கும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தின் உச்சமே 325 வோல்ட். பூச்சு எங்கே மிக மெலிந்திருக்கிறதோ, அங்கேதான் அது உடைத்துக்கொண்டு போகும். ஆகவே பிசிறு நீக்கி, பூச்சு முடிந்த பாகத்தையே ஹைபாட் சோதனைக்கு அனுப்புங்கள். மாதிரித் தகட்டோடு நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். பூச்சு மின்சாரத்தைத் தடுக்கும், எர்த்தையும் தடுக்கும்! பவுடர் அடித்த பெட்டியில் எர்த் போல்ட் பூச்சின் மேலேயே உட்கார்ந்தால், உள்ளே ஒரு வயர் உரசும்போது பெட்டி முழுக்க மின்சாரம் ஏறும், ஃபியூஸ் போகாது. கதவைத் தொடுகிற தொழிலாளிக்கு அது தெரியாது. எர்த் முனையை மறைத்துவிட்டுப் பூச்சு அடிக்கச் சொல்லி டிராயிங்கிலேயே எழுதுங்கள். மேலே தடவிய சில மைக்ரானை நம்பி எர்த்தை விட்டுவிடாதீர்கள்.

அந்த டிராயிங்கின் மூலையில் உங்கள் கையெழுத்து இருக்கும். அதை நினைவில் வையுங்கள்.